வாத்து இல்லாத கதை

அந்தப் பேருந்து ஓட்டுநருக்கு டிப்போவில் எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். நேரமாகிவிட்டால் போதும், ஆளில்லாத நிறுத்தத்தில் நிற்கவே மாட்டார். வண்டிக்கு அது சரி. மனுஷன் அதையே கதைக்கும் செய்தார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

வீட்டில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று நூலகத்தில் ஒரு திட்டம் ஆரம்பித்திருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு துணிப்பை, அதில் பத்துப் படப் புத்தகம். ஒன்றை வாசித்து முடித்தால் பையோடு தந்த அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டலாம்.

நாலு வயது மகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை பின்னுவது எல்லாம் அம்மா பாடு. இவர் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். ஆக, சாயங்காலம் கதை வாசிப்பது ஒன்றுதான் இவருக்கென்று மிச்சம். அப்பாதான் படிக்கணும் என்று மகள் பையை இழுத்துக்கொண்டு வந்தால் உச்சி குளிர்ந்துவிடும்.

ஆனால் விடியுமுன் எழுந்து வண்டி எடுத்தவருக்குக் கண் சொக்காதா? முதல் பக்கத்தை வாசிப்பார். நடுவில் உள்ளதைக் கொத்தாகப் பிடித்துப் புரட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிடுவார். குட்டிப் பூனை அம்மாவைத் தொலைத்தது. அம்மா கிடைத்தது. முடிந்தது கதை, ஒட்டு நட்சத்திரத்தை! அதுக்குள்ளேயா என்று மனைவி கேட்டால், சின்னக் கதைதான் என்று சமாளிப்பார்.

சனிக்கிழமை எல்லாக் குடும்பங்களையும் நூலகத்துக்கு வரச் சொன்னார்கள். பிள்ளைகள் அப்பா அம்மா மடியில் உட்கார, நூலகர் அம்மா நடுவில் விரிப்பில் அமர்ந்து புத்தகத்தைத் திறந்தார். அதே பூனைக் கதை. எக்ஸ்பிரஸ் வாசல் பக்கம் பார்த்தார். குட்டிப் பூனை ஒரு வாத்திடம் போய் வழி கேட்டது என்று நூலகர் வாசித்ததும், மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இந்தக் கதையில வாத்து கிடையாது."

நூலகர் சிரித்தபடி படத்தைக் காட்டினார். கொழுகொழுவென்று வாத்து. அடுத்த பக்கத்தில் ஒரு பாலம், அதற்கடுத்து மழை, அப்புறம் ஒரு நாய். ஒவ்வொன்றுக்கும் மகள் திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பெற்றோர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அப்பா, வாத்து இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பக்கம் ஒட்டிக்கொண்டது என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை.

"தெரியும்மா. அப்பாவுக்குத் தூக்கம் வந்துச்சு. தாண்டிட்டேன்."

அவள் அழவில்லை. அவரை விட்டுவிட்டுப் போய் நூலகர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலம் பை அவரைக் கடந்து அம்மாவிடம் போனது. ஞாயிறும் அப்படியே, திங்களும் அப்படியே. நல்லா வேணும் என்று சொல்ல மனைவிக்கு வாய்ப்பு இருந்தும், அவர் முகத்தைப் பார்த்துப் பாவமென்று விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர் யாரையும் கூப்பிடவில்லை. பூனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்து, தன்பாட்டுக்கு உரக்க வாசிக்க ஆரம்பித்தார். வாத்துக்கு வாத்துக் குரல், நாய்க்கு நாய்க் குரல். மழைக்கு உதட்டைக் குவித்து ஊதினார். கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் முழு ஆளும் வந்து நின்றது.

"முதல்லேர்ந்து படிங்க. நான்தான் திருப்புவேன்."

சொன்னபடியே திருப்பினாள். ஒவ்வொரு தாளையும் இரண்டு விரலால் தேய்த்து, ஒன்றுதானா என்று சோதித்த பிறகே விட்டாள். எக்ஸ்பிரஸ் ஓர் எழுத்து விடாமல் படித்தார். பாலம் தாண்டி, மழையில் நனைந்து, நாய்க்குப் பயந்து ஒளிந்து, ஒருவழியாகப் பூனைக்கு அம்மா கிடைத்தது.

முன்பெல்லாம் இந்த இடத்தில் நட்சத்திரத்தைத் தேடுகிற பிள்ளை, இன்று மெதுவாக அவர் மடியில் ஏறிக்கொண்டது.

"பாவம்ப்பா. இவ்ளோ தேடுச்சா?"

"ஆமாம்மா," என்றார்.

அவள் பையை இழுத்துக் கவிழ்த்தாள். மற்ற புத்தகங்கள் தரையில் சரிந்தன.

"இதுல எல்லாம் யார் யாரை விட்டீங்க?"

அவர் யோசித்துப் பார்த்து, ஒளிக்காமல் சொன்னார். ஒரு நரி, இரண்டு யானை, ஒரு தையல்காரர், அவருடைய ஏழு பிள்ளைகள்.

"எல்லாரையும் கூப்பிடுங்க," என்றாள்.