மூன்றாவது கியருக்கு என் முழங்கால்

என் மனைவி ஷ்யாமளா ஓட்டுநர் தேர்வில் ஒருமுறை தவறியதற்குக் காரணம் ரிவர்ஸ் கியர். எங்கள் இருபத்திரண்டு வருஷத்துக் காரில் அது விழவே இல்லை. வெள்ளிக்கிழமை மறுதேர்வு. இதிலும் தவறினால் இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வண்டியில் குற்றமில்லை, கையில்தான் என்பது என் கட்சி. அவளுக்காக ஒரு தாளில் வழிமுறை எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருந்தேன். மூன்றாவது: ஓட்டுபவர் முழங்காலில் இடிக்கும்வரை இழுத்து, மேலே தள்ளவும். ரிவர்ஸ்: லேசாகத் தூக்கி, இருமுறை ஆட்டி, சற்றுப் பொறுத்து இறக்கவும். பல வருஷமாக நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

புதன்கிழமை பிரேக் பார்க்கத் தாராவியில் மெக்கானிக் இசக்கியின் பட்டறைக்குப் போனோம். அவர் அந்தத் தாளை உரக்கவே படித்தார்.

"எக்கா, இது கார் ஓட்டவா, பூசை பண்ணவா?"

"நன்னா கேளுங்கோ!" என்றாள் ஷ்யாமளா.

இசக்கி கியர் லீவரை இரண்டு விரலால் ஆட்டினார். அது அவள் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் போய் வந்தது.

"அண்ணாச்சி, அடியில புஷ்ஷெல்லாம் தேஞ்சு போச்சு. நீங்க அது இல்லாமலே ஓட்டப் பழகிட்டு, எக்கா மேல பழியப் போட்டுட்டியளே!"

காருக்கு அடியில் படுத்து, லீவரோடு சேரும் கம்பியைக் கழற்றி, புஷ் என்று அவர் சொன்ன மூன்று நைலான் வளையங்களை என் உள்ளங்கையில் வைத்தார். துளைகள் முட்டை வடிவத்தில் இருந்தன. ஒன்று விரல் பட்டதும் உடைந்தது. புதியவற்றுக்கு கிரீஸ் தடவி, தட்டி இறக்கி, மாட்டி முடித்தார்.

"ஓட்டிப் பாருங்க."

வெளியே தொண்ணூறு அடி ரோட்டில் மூன்றாவதுக்காகப் பழைய பழக்கத்தில் லீவரை முழங்கால்வரை இழுத்து மேலே தள்ளினேன். விழுந்தது ஐந்தாவது. வண்டி குலுங்கி நின்றது.

"அரே சாச்சா, சலோ!" என்று என்னைக் கிளம்பச் சொல்லிக் கத்தினான் பின்னால் வந்த ஆட்டோக்காரன்.

"ஏன்னா, இறங்குங்கோ," என்றாள் ஷ்யாமளா.

இடம் மாறினோம். ஒன்று, இரண்டு, மூன்று. லீவர் தானாகப் போவதுபோல் போயிற்று. பட்டறை வாசலில் தண்ணீர் டிரம்மை உரசாமல் ரிவர்ஸில் நுழைத்தாள். இசக்கி விசிலடித்தார். திலக் நகரில் எங்கள் வீடுவரை அவளே ஓட்டினாள்.

வெள்ளிக்கிழமை தேர்ச்சி பெற்றாள். மறுநாள் காலை நான் காரை எடுக்கப் போனபோது டேஷ்போர்டில் என் தாள் திருப்பி ஒட்டப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் அவள் கையெழுத்து:

'மூன்றாவது: நேரே மேலே தள்ளவும். முழங்காலைத் தேட வேண்டாம்.'