பாட்டில்லாத மரம்

எங்கள் தீவில் சாயங்காலமானால் மரங்கள் பாடும். தென்னை உச்சியில் பாளை சீவுகிறவர் பாடிக்கொண்டேதான் சீவ வேண்டும்; மேலே இருப்பது யார் என்று கீழே உள்ளவர்களுக்கு அப்போதுதான் தெரியும். பாடாமல் ஏறுகிறவனைத் திருடன் என்போம். அந்த நேரத்தில் குரல்கள் காற்றில் மிதந்துபோய், எந்த மரத்துடையவை என்பதையே மறந்து கடலின்மேல் தங்கிவிடும்.

என் கணவன் பௌரோ முதல் அடி பாடுவான். அடுப்படியிலிருந்து நான் இரண்டாவது அடி பாடுவேன். அவன் குரல் சுருதியில் நிற்காது. ஈஸ்டர் பாடகர் குழுவில் அடுத்த வீட்டு இதாயா, "நீ பாடினா மீன்கூட வலையை விட்டு ஓடிடும்டா" என்று எல்லார் முன்னாலும் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

இந்த வறட்சியில் எங்கள் மரம் வற்றிவிட்டது. எனக்கும் பால் போதவில்லை. மகளுக்குப் பதநீர்தான் ஆகாரம். இதாயா காலில் மீன்முள் குத்திப் படுத்திருந்தான். அவன் மரத்தில் ஏற ஆளில்லை.

நேற்று பௌரோ சிரட்டை நிறையப் பதநீர் கொண்டுவந்தான்.

"எங்கேருந்து?"

"நம்ம மரம்தான், ரூத்தா. திரும்பச் சுரக்குது."

பாட்டு எதுவும் என் காதில் விழவில்லையே. காற்று வேறு பக்கம் அடித்திருக்கலாம், நானே கவனிக்காமல் இருந்திருக்கலாம். ஜெபிக்கத் தொடங்கினேன். "ஆண்டவரே, நீர் தந்த இந்த..." 'தந்த' என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. பௌரோ ஆமென் சொல்லவில்லை, பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை மட்டும் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

இன்று மாலை நான் அடுப்படியில் இருக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதாயாவின் மரத்தடியில் போய் நின்றேன். சுற்றிலும் மரங்கள் பாடின. இது ஒன்று மட்டும் ஊமையாக நின்றது. பாளைச் சீவல்கள் என் தலைமுடியில் பூப்போல விழுந்தன.

'இறங்கு' என்று கத்தினால் பௌரோ அவமானப்படுவான். பேசாமல் போனால் நானும் திருடிதான். செய்வது சரியா என்று தெரியாமலே அவனுடைய முதல் அடியை நான் பாடினேன்.

மேலே சீவும் கத்தி நின்றது. பிறகு வானத்திலிருந்து இறங்குவதுபோல இரண்டாவது அடி வந்தது, சுருதி தப்பி.

இதாயா வீட்டு ஓலைத் தட்டி மேலெழுந்தது.

"என் மரத்துல எவன்டா அது? அட, இந்தக் குரலுக்கு ஆள் யாருன்னு வேற கேக்கணுமா!"

"நான்தான் இதாயா. நேத்தும் ஏறினேன். கேக்காமதான் எடுத்தேன். புள்ளைக்குப் பாலில்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா நாக்கு அழுகிடுமா?"

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிக்கத்தான் செய்வேன்." ஆனால் அவன் சிரிக்கவில்லை.

பௌரோ இறங்கி, என்னைத் தாண்டி நேராக அவன் வாசலுக்குப் போய்ச் சிரட்டையை வைத்தான். இதாயா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நாளைலேருந்து நீயே சீவு. பாதி எனக்கு, பாதி புள்ளைக்கு. ஆனா பாடிக்கிட்டுத்தான் ஏறணும்."

"பாடவா?"

"வேற வழி? காதுல பஞ்சு வெச்சுக்கிறேன்."

கைக்கெட்டிய ஒரு கிண்ணத்தில் குழந்தைக்கென்று இதாயாவே பாதியை ஊற்றினான். நான் ஜெபித்தேன். 'தந்த' என்ற சொல் தடையில்லாமல் வந்தது. ஆமென் இரண்டு ஆண்குரலில் கேட்டது. அதில் ஒன்று சுருதியில் இல்லை.