மேப்பிள் நிழலில் பைன் கன்றுகள்

மொன்ட்ரியாலுக்குத் தெற்கே, மணற்கல் குன்று ஒன்றின் மேல் பாதுகாக்கப்பட்ட பைன் காடு இருக்கிறது. அங்கே முளைக்கும் கன்றுகளை எண்ணுவது ஷெரோனின் வேலை. நான்கு வருடத்துக்கு முன் நாற்பத்தொன்று இருந்தன. இந்த முறை ஆறுதான்.

காரணம் அவளுக்குத் தெரியும். பைன் கன்றுக்கு நல்ல வெயில் வேண்டும். முன்பெல்லாம் காட்டுத்தீ மற்ற மரங்களை எரித்து வெளிச்சத்துக்கு வழிவிட்டது. இப்போது தீயை உடனே அணைத்துவிடுகிறார்கள். மேப்பிள் மரங்கள் அடர்ந்துவிட்டன. அவற்றை வெட்ட அதிகாரிகளுக்கு மூன்று முறை கடிதம் எழுதி அனுமதி கேட்டாள். "பாதுகாக்கப்பட்ட காட்டில் எதையும் வெட்டக்கூடாது" என்றே பதில் வந்தது.

அன்று உதவிக்கு வந்த கணவன் அனுஜனிடம் வெடித்தாள்.

"ஆரிட்டை இருந்து பாதுகாக்கினம்? கன்றெல்லாம் சாகுது!"

"வெட்டத்தானே கூடாது? வளைச்சுக் கட்டேலாதோ?" என்றான் அவன்.

ஷெரோன் அவனை முறைத்தாள். பிறகு பையிலிருந்த கயிற்றை எடுத்தாள். இருவரும் இளம் மேப்பிள்களை வளைத்துக் கட்டினார்கள். உள்ளங்கை உரிந்தது. மாலைக்குள் இரண்டு கன்றுகள் மேல் வெயில் விழுந்தது. மற்ற நான்கையும் மறைத்து நின்றவை பெரிய மரங்கள். அவற்றை அசைக்கவே முடியவில்லை.

காரில் ஏறியதும் நான்காவது கடிதத்தைத் தொடங்கினாள்.

"இந்த முறை மரியாதையா எழுதமாட்டன்" என்றாள்.