நண்பகலுக்குள் ஒரு வீடு

லா பாஸ் நகரத்தில் மூச்சு வாங்காமல் மேடேறுகிறவர்கள் இரண்டே வகை. அங்கேயே பிறந்தவர்கள், அப்புறம் என் தோழி ஹிமேனா. நான் மூன்றாவது வகை. விடுதி மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் பாவனை செய்பவள். என் காலணிக்குக் கயிறே கிடையாது.

எங்கள் ஊர் ரொசாரியோவிலிருந்து முதுகுப்பையோடு இருவரும் கிளம்பியிருந்தோம். சால்டா, பொத்தோசி, ஒருரோ என்று பேருந்து மாறி மாறி வந்து, அப்படியே வடக்கே ஏறி, கார்த்தஹேனா கடலில் கால் நனைப்பதாகத் திட்டம். ஹிமேனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தூக்கம் வராது. பேருந்தில் நான் அவள் தோளில் சாய்ந்து வாய் திறந்து உறங்குவேன். அவள் சன்னலுக்கு வெளியே ஓடும் உப்புவெளியைக் காவல் காத்துக்கொண்டு வருவாள்.

லா பாஸில் அது தலைகீழானது. காற்று மெலிந்த உயரம் அது. வந்தவர்களுக்கெல்லாம் தூக்கம் போகும். அவளுக்கு வந்தது. கிணற்றில் கல் விழுவதுபோல் தூக்கத்தில் விழுந்தாள். இரண்டு நாள் தங்க வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கிவிட்டோம். விடுதி அடுக்களையில் சூப் கிண்டும் வேலையைக்கூட அவள் பிடித்துவிட்டாள். நான் கோக்கா இலைத் தேநீரை உறிஞ்சியபடி, சுவரில் ஒட்டிய வரைபடத்தில் நாங்கள் அடுத்துப் போகவேண்டிய லிமாவை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அலசீத்தா வந்தது. ஜனவரி மாதத்துத் திருவிழா. வேண்டியதைக் கையடக்கப் பொம்மையாக வாங்கி, அன்று நண்பகலில் புகை காட்டிவிட்டால், ஆண்டு முடிவதற்குள் அது நிஜ அளவில் வந்து சேரும். தெருவெல்லாம் விரல் நீளத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. நகத்தளவு ரொட்டி, தீப்பெட்டியளவு லாரி, தபால்தலை மாதிரி பட்டச் சான்றிதழ், விவாகரத்துப் பத்திரம். தலைக்கு மேலே ரோப் கார் பெட்டிகள் மேகத்துக்குள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன. அவையும் விற்பனைக்குத்தானோ என்று எனக்குத் தோன்றியது.

ஒரே ஒரு நிபந்தனை. தனக்குத் தானே வாங்கினால் பாதிதான் பலிக்கும். இன்னொருவர் கையால் வர வேண்டும்.

"ஒர்னேலா, எனக்கு என்னடி வாங்கப் போறே?"

"ரகசியம். ஆனா அதுக்குச் சக்கரம் இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. வீடுகள் விற்கும் கடை முன்னால் நின்றுவிட்டாள். "எனக்கு வீடு வாங்கிக் குடு."

"வீடா? நமக்குத்தான் கூடாரம் இருக்கே. பாதி உன்னோடது. மழை ஒழுகுற பாதி."

"இங்க தூங்குறேன்டி. காலைல எழுந்தா யாரோ என்னை அழுக்குப் போகத் தொவைச்சுக் காயப் போட்ட மாதிரி இருக்கு. மறுபடியும் பஸ்ல கண்ண முழிச்சுக்கிட்டு உக்கார என்னால முடியாது."

"கார்த்தஹேனால கடல் தாலாட்டும்."

"கடல் சத்தம் போடும்."

"அப்ப நான்?"

"நீ போ. எனக்காக இங்கயே இருந்தேன்னா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவே. உன்ன எனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் எரிச்சல்.

நான் வாங்கித் தராவிட்டால் அவளே வாங்கிக்கொள்வாள். பாதிதான் பலிக்கும். பாதி வீடு என்றால் கூரை இருக்காது. இந்த ஊர்க் குளிரில் கூரை இல்லாமல் எத்தனை நாள் தாங்குவாள்? பையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிடுவாள். உற்ற தோழியைப் பற்றி நான் இப்படித்தான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

"மகளே, சீக்கிரம் சொல்லு," என்றார் கடைக்காரம்மா எவுலோஹியா, தொப்பியைச் சரித்துக்கொண்டே. "மணி அடிச்சிருச்சுன்னா அப்புறம் மேகத்துக்கிட்டதான் வீடு கேக்கணும்."

ஹிமேனா மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறிப்போகும் செங்கல் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. கண்ணுக்குக் கீழே எப்போதும் இருக்கும் கருவளையத்தைக் காணோம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அதை அவள் முகத்தின் ஓர் அங்கம் என்றே நினைத்திருந்தேன், மூக்கு மாதிரி.

"அந்த நீலக் கதவு வீட்டக் குடுங்க," என்றேன். என் குரல் யாரோ பேசுவதுபோல் கேட்டது. "மாடி இருக்கா?"

"இருக்கு. மாடில யாரு?"

"மூட்டையோட ஒருத்தி வருவா. எப்பன்னு சொல்லமாட்டா."

"வாடகை குடுப்பாளா?"

"மாட்டா."

"அப்ப சொந்தம்தான்," என்று எவுலோஹியா வீட்டை என் கையில் வைத்தார். நான் அதை ஹிமேனாவின் கையில் வைத்தேன். அவள் பக்கத்துக் கடைக்குப் போய், கூரை மேல் மூட்டைகள் கட்டிய சிவப்புப் பேருந்து ஒன்றை வாங்கி வந்து என் கையில் திணித்தாள்.

மணிகள் ஒலித்தன. கூட்டம் மொத்தமும் கையில் இருந்ததைத் தூக்கிப் பிடித்தது. பூசாரி எங்கள் மேல் இரண்டு சொட்டு ஒயினைத் தெளித்து, ஒரு கைப்பிடி மஞ்சள் பூவைத் தூவி, தூபக்காலை எங்களைச் சுற்றி ஆட்டினார். கொஞ்ச நேரம் வெறும் புகைதான். ஊரும் இல்லை, மலையும் இல்லை, அவளும் இல்லை. யாரோ இருமினார்கள். நான்தான்.

புகை விலகியபோது ஹிமேனா அந்த நீலக் கதவைச் சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பசை போட்டு ஒட்டிய கதவு. அவள் விடுவதாக இல்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. லிமா பேருந்து மறுநாள்தான்.