போர்ச்சுகல் நிறம்

டிம்ப்னா ஒரு வாரமாகப் போர்ச்சுகல் கடற்கரையில் இருந்தாள். அதாவது, ராஸ்காமனில், சொந்த வீட்டில், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள். வெளியே விடாமல் அயர்லாந்து மழை சிணுங்கிக்கொண்டிருந்தது.

முப்பதாவது கல்யாண நாளுக்கு அந்தப் பயணத்தைப் பரிசாக அனுப்பியவள் சிட்னியில் இருக்கும் மகள் லீயடன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? டிக்கெட் வந்த மாதமே ஃபெர்கல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அத்லோனில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். பெரிய சண்டை ஒன்றுமில்லை. பேச்சு வற்றிப்போயிற்று, அவ்வளவுதான். சனிக்கிழமை லீயடனுக்கு இங்கே கல்யாணம். அது முடியும்வரை அவள் காதுக்கு எதுவும் போகக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

போர்ச்சுகல் போய்வந்த மாதிரியே காட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே டேன் சொட்டு, தோலுக்கு வெயில் நிறம் ஏற்றும் திரவம். இந்த ஊர்ப் பெண்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகக் கிரீமில் ஒரு சொட்டு விட்டுக் குழைத்துப் பூசினால் விடியும்போது ஒருநாள் வெயில் முகத்தில் இருக்கும். காயும்வரை கண்ணை மூடிப் படுத்திருப்பாள். மணல் சுடும். சுட்ட மத்தி மீன் மணக்கும். அலை வந்து கணுக்காலை நனைத்துவிட்டுப் போகும். வேடிக்கையைப் பாருங்கள், பக்கத்தில் ஃபெர்கலும் இருப்பான். அந்த மனுஷன் கனவில்கூட வாயைத் திறக்கமாட்டான். ஆனால் அவள் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவான். கண்ணைத் திறக்க மனமே வராது.

புதன்கிழமை சாயங்காலம் ஃபெர்கல் பெட்டியோடு வந்து நின்றான். மறுநாள் காலை மகளை விமான நிலையத்தில் ஜோடியாக வரவேற்க வேண்டும். கதவைத் திறந்தவளுக்குத் திக்கென்றது. அவள் முகம் தேன் நிறம். அவன் முகமோ வெள்ளையடித்த சுவர். ஒரு வாரமாகத் தன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அவன் மூஞ்சி ஞாபகமே வரவில்லை.

"வெயில்ல கெடந்துட்டு வந்தவன் மூஞ்சியா இது? உக்காரு."

புருவத்தில் வாஸ்லின் தடவி, சொட்டுகளைத் தாராளமாகவே விட்டுக் குழைத்துப் பூசினாள். நெற்றி, கன்னம், காது மடல், கழுத்து. அந்த முகத்தைத் தொட்டு எத்தனை வருஷமாயிற்று! தாடையில் ஒரு தழும்பு இருப்பதையே மறந்திருந்தாள். விரல் அங்கே கொஞ்சம் தயங்கித்தான் நகர்ந்தது. விடியும்வரை முகத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று எச்சரித்தாள்.

"அங்க என்ன பண்ணோம்னு கேப்பாளே," என்றான், கண்ணை மூடியபடியே.

அவள் சொன்னாள். மணல், மீன், அலை எல்லாம் சொன்னாள். தோளுக்கு எண்ணெய் தேய்த்ததையும் சொல்லிவிட்டாள்.

"நல்லாத்தான் இருந்திருக்கோம்," என்றான். பிறகு எழுந்து மகளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

காலையில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி என்று அசல் சுற்றுலாக்காரனாக இறங்கி வந்தான். நிறம் நன்றாகவே பிடித்திருந்தது. டிம்ப்னாவுக்கு உயிர் வந்தது.

டப்ளின் விமான நிலையத்தில் லீயடன் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவன் கண்ணாடியைக் கழற்றினான். அவள் சற்று விலகி முகத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணோரத்திலிருந்தும் காதுவரை மெல்லிய வெள்ளைக் கோடு. அவளும் இந்த ஊரில் வளர்ந்தவள்தானே, தண்ணீர் ஓடிய தடம் தெரியாதா? விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"படுத்துக்கிட்டு அழுதியாப்பா?"

அவன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"எதுக்கு அழுத, ஃபெர்கல்?" என்று கேட்டாள் டிம்ப்னா. மகள் எதிரில் நிற்பதைக்கூட மறந்துபோயிருந்தாள்.