நோயாளி மறுத்தார்

எலும்பு முறிவு வார்டில் பிசியோதெரபிஸ்டுகளை மேற்பார்வை பார்ப்பவளை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். பெரிய மேடம் வாயைத் திறந்தால் வார்டே கப்சிப். வாரம் ஒரு மணி நேரம் ஒவ்வொரு ஜூனியரோடும் உட்கார்ந்து, எந்த நோயாளியிடம் எங்கே திணறுகிறாய் என்று கேட்பது அவள் வேலை. அதற்கென்று ஒரு படிவம், அடியில் அவள் கையெழுத்து. ஜூனியர்கள் நோயாளியின் கோப்பில் எழுதும் தினக்குறிப்புக்கும் அவள் கையெழுத்து வேண்டும். நான்கு வாரமாக அந்த ஒரு மணி நேரம் நடக்கவே இல்லை. கூட்டம், கூட்டத்தைப் பற்றிப் பேச இன்னொரு கூட்டம் என்று ஓடியவள், லிஃப்ட் வாசலில் காகிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்தை மட்டும் கிறுக்கிவிட்டுப் போனாள்.

அன்று காலை பன்னிரண்டாம் படுக்கையின் கோப்பைப் புரட்டினாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எழுபத்தாறு வயது. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்தவர். மறுநாளே பிடித்து எழுப்பி நிற்க வைத்திருக்க வேண்டும். முதல் நாள், ‘நோயாளி மறுத்தார்.’ இரண்டாம் நாளும் மறுத்தார். மூன்றாம் நாளும், நான்காம் நாளும் அதேதான். ஐந்தாம் நாள் வேறொருவர் எழுப்பியபோது கால்கள் துவண்டு மடங்கின. மனுஷன் ஏன் மறுத்தார் என்று யாரும் எழுதவில்லை, கேட்க வேண்டியவளும் கேட்கவில்லை. நான்கு ‘மறுத்தார்’களுக்கும் அடியில் அவள் கையெழுத்து இருந்தது.

எழுதிய ஜூனியரை அறைக்குக் கூப்பிட்டாள். சேர்ந்து ஆறு மாதமான பெண். வார்டில் அவளுக்குப் ‘புதுசு’ என்று பேர்.

“அவர் ஏன் வேண்டாம்னாரு?”

புதுசு தரையைப் பார்த்தாள். “அவர் வேண்டாம்னு சொல்லல மேடம். நான் கேக்கவே இல்ல.”

“என்ன சொல்ற?”

“போன மாசம் ஒருத்தர் என் கையிலிருந்து நழுவினாரே, அப்ப எல்லார் முன்னாடியும் சொன்னீங்க, இன்னொருத்தர் விழுந்தா வீட்டுக்குப் போயிடுன்னு. அதுலேர்ந்து யாரையும் பிடிச்சு நிக்க வைக்கவே பயமா இருக்கு. உங்ககிட்ட சொல்லத்தான் வாரா வாரம் வந்தேன். நீங்க கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டீங்க.”

பெரிய மேடத்துக்குத் தான் சொன்னது நன்றாகவே நினைவிருந்தது. சொல்லிவிட்டு கேண்டீனில் போய் நிம்மதியாகக் காபி குடித்ததும் நினைவிருந்தது.

பெரிய மேடம் பன்னிரண்டாம் படுக்கைக்குப் போனபோது டிரைவரின் மகள் பையில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு முதியோர் இல்லத்துல சேக்கறேன் மேடம். எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நடக்கணும்னு நினைக்கிறவரா இருந்தா எப்படியாவது சமாளிப்பேன். இவரு நாலு நாள் முரண்டு பிடிச்சிருக்காரு. நர்ஸே ஃபைலப் படிச்சுக் காட்டினாங்க.”

டிரைவர் படுத்தபடியே கைகூப்பினார். “ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள் எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லம்மா. பஸ் ஓட்டிட்டே இருக்கற மாதிரி இருந்துது. நான்தான் வேண்டாம்னிருப்பேன். கோவிச்சுக்காதீங்க.”

பெரிய மேடம் கூனிக் குறுகிப்போனாள். பேசாமல் நகர்ந்துவிட்டால் போதும், பழியை ஏற்றுக்கொள்ள ஆளே தயாராகக் கிடக்கிறது. பதினெட்டு வருடமாகச் சேர்த்த நல்ல பெயரும் தப்பிக்கும். அந்த நினைப்பு வந்ததே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது.

“அவர் மறுக்கல,” என்றாள். “அந்த நாலு நாளும் அவர எழுந்து நிக்கச் சொல்லி யாரும் கேக்கவே இல்ல. எங்க ஜூனியர் பயந்துட்டா. அவள பயமுறுத்தினது நான். என்னன்னு விசாரிக்காம கையெழுத்து போட்டதும் நான். ஃபைல்ல இருக்கறது பொய்ங்க. இன்னைக்கே எழுதிக் குடுக்கறேன்.”

மகள் கையிலிருந்த சட்டையைக் கட்டிலில் வைத்தாள். “ரெண்டு நாளா நான் அப்பாகிட்ட முகம் குடுத்துப் பேசல,” என்றாள். “உங்க கையெழுத்த நம்பித்தான்.” அப்பாவின் கால்களைப் பார்த்தபடி, “இனிமே படி ஏறுவாரா?” என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

“தெரியல. போன நாலு நாளத் திருப்பிக் குடுக்க முடியாது. ரெண்டு வாரம் இங்கயே இருக்கட்டும், நானே வந்து பாக்கறேன்.”

மகள் பையின் ஜிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“அப்ப நான் வேண்டாம்னு சொல்லலையா?” என்றார் டிரைவர். இன்னொரு முறையும் கேட்டார். மகள் இல்லை என்று தலையாட்டியதும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. போர்வையைத் தள்ளிவிட்டு, கட்டில் கம்பியை எட்டிப் பிடித்தார்.

“இப்பக் கேளுங்க மேடம்.”

எழுந்து நிற்கிறீர்களா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தை பெரிய மேடத்தின் வாயிலிருந்து வர வெகுநேரம் ஆனது.