ஓ-யு கோவிந்தராசு

பாண்டிச்சேரி புதுச்சேரியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. ஊரே பேரை மாற்றிக்கொள்ளலாம், நான் மாற்றிக்கொண்டால் குற்றமா என்று சிறைக்குள் உட்கார்ந்து யோசித்தான் கோவிந்தராசு. லாஸ்பேட்டையில் ஒரே மொபெட்டை மூன்று பேருக்கு விற்ற மகராசன் அவன். ஓராண்டுத் தண்டனையில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி. அதுகூடப் போகட்டும். வருகிற ஞாயிறு தங்கை அன்னக்கிளியின் மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இவன் போகாவிட்டால் சித்தப்பா மகன் கொளஞ்சி மடிதான். நினைத்தாலே கோவிந்தராசுவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

வக்கீல் புருஷோத்தமன் முதலியார்பேட்டைக்காரர். வழக்கு தோற்றாலும் வாய் தோற்காது. அவர்தான் கோவிந்தராசுவின் பிறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாருய்யா, பிரெஞ்சுக்காரன் போயும் அவன் ஸ்பெல்லிங் போவல. இதுல ஒன் பேரு கடைசியில ஓ-யுன்னு ரெண்டு எழுத்து. வாரண்டுல வெறும் யு. அவன் வேற, நீ வேற. வேற ஆள உள்ள வச்சிருக்காங்கன்னு ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு போடறேன். ஆளக் கொண்டாம்பாங்க, கொண்டாந்துதான ஆவணும்!"

கொண்டுபோனார்கள். சென்னையில் இரண்டு நீதிபதிகள் முன்னால் கோவிந்தராசு கைகட்டி நின்றான்.

"வாரண்டுல இருக்கிற கோவிந்தராசு நீங்க இல்லையா?"

"இல்லீங்கய்யா. நான் ஓ-யு."

அரசு வக்கீல் சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார்.

"வெளிய போக அப்படி என்ன அவசரம்?" என்று கேட்டார் நீதிபதி.

மடித்து வைத்திருந்த காதுகுத்துப் பத்திரிகையை எடுத்து நீட்டினான். பெரிய நீதிபதி சத்தமாகப் படித்தார்: "தாய்மாமன், கோவிந்தராசு." பத்திரிகை தமிழில் இருந்தது. தமிழில் ஏது ஓ-யு?

"இது யாரு?"

வேறு ஆள் என்று சொல்லச் சொல்லி புருஷோத்தமன் கண்ணைக் காட்டினார். அப்படிச் சொன்னால் மனு பிழைக்கும், மடி போய்விடும்.

"நான்தாங்கய்யா!" என்று கத்திவிட்டான் கோவிந்தராசு. "தாய்மாமனும் நான்தான், மொபெட் வித்தவனும் நான்தான்!" சொல்லும்போதே பொலபொலவென்று அழுதுவிட்டான்.

மனு தள்ளுபடி. ஆனால் நீதிபதிக்கும் தங்கை இருந்திருக்க வேண்டும். ஞாயிறு ஒருநாள் போலீஸ் காவலோடு போய்வர உத்தரவு போட்டார்.

ஞாயிறு காலை சிறை வாசலில் எழுத்தர் அந்த உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனுவில் இருந்த பேர்தான் அதிலும் இருந்தது.

"ஓ-யு போட்ட கோவிந்தராசுன்னு இங்க யாரும் இல்லியே. ரெண்டும் வேற வேற ஆளுன்னு நீதானய்யா மனு போட்ட?"

தவளை தன் வாயால் கெட்டது. கோவிந்தராசு பதறிப்போய் மறுபடியும் பத்திரிகையை நீட்டினான். எழுத்தர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "தமிழ்ல ஒரே ஆளுதான், போ" என்று கதவைத் திறந்துவிட்டார்.

அன்னக்கிளி குடியிருக்கும் சாரத்தில், கோயில் வாசலிலேயே பந்தல். புது வேட்டியோடு கொளஞ்சி மணையில் உட்கார்ந்துவிட்டான். மடியில் மொட்டைத் தலையோடு குழந்தை. ஆசாரி கம்பியை எடுத்துவிட்டார். அப்போதுதான் கோவிந்தராசு, பின்னால் ஒரு போலீஸ்காரர் மூச்சிரைக்க, ஓடிவந்து நின்றான்.

அன்னக்கிளி அண்ணனைப் பார்த்தாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

"எழுந்திருடா கொளஞ்சி" என்றாள். "ஆளக் கொண்டாந்துட்டாங்க!"